கனசதுரம் சொல்லும் உண்மை

நுழையும்முன்

கற்காரை இறுகியபின் நல்லதும் தீயதும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே மறைந்திருக்கும் குறையைக் கண்டறியும் ஆய்வக முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

சங்கரன்கோவிலின் சங்கரநாராயணர் கோவில் கல்லால் எழுந்தது. கல்லைத் தட்டி, எழும் ஓசையால் அதன் தரத்தை அறிவது சிற்பியர் மரபு. இன்று அவ்வூரில் எழும் வீடுகளும் பள்ளிகளும் பெரும்பாலும் கற்காரையால் (கான்கிரீட்) ஆனவை. கல் இயற்கை தந்தது. கற்காரையோ மனிதர் அன்றன்று கலப்பது. சிமெண்ட், மணல், ஜல்லி, நீர் ஆகிய நான்கனுள் ஒன்று பிழைத்தாலும் அதன் வலிமை குன்றும்.

மூலப்பொருள் சோதனை

நெல்லையை அடுத்த தாழையூத்தில் 1949ஆம் ஆண்டு சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலையிலிருந்து தரமாக வெளிவரும் சிமெண்டும் ஈரமான கிடங்கில் நாட்பட இருந்தால் வலிமை இழக்கும். எனவே, பயன்படுத்துமுன் சோதித்தல் வேண்டும். சாதாரண போர்ட்லண்டு சிமெண்ட் 30 நிமிடங்களுக்கு முன் இறுகத் தொடங்குதல் கூடாது. 600 நிமிடங்களுக்குள் இறுகி முடிதல் வேண்டும். விகாட் கருவியின் ஊசி சிமெண்ட் பசையில் இறங்கும் ஆழம் இதனைக் காட்டும். மணலை உப்புநீருடன் கண்ணாடிக் குடுவையிலிட்டுக் குலுக்கி வைத்தால், மணலின்மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். வண்டல் மிகுந்தால் சிமெண்டின் பிடிப்புக் குறையும்.

ஈரக்கலவைச் சோதனை

300 மி.மீ. உயரமுள்ள கூம்பு அச்சில் கலவையை இட்டு, அச்சை மேலே தூக்குவர். கலவை எவ்வளவு சரிகிறது என்பதைக்கொண்டு அதன் இளக்கம் அளக்கப்படும். நீரைக் கூட்டினால் கலவையைக் கொட்டுவது எளிது. ஆனால், மிகுதியான நீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். அவை வலிமையைக் குறைக்கும்.

கனசதுரச் சோதனை

பக்கத்திற்கு 150 மி.மீ. உள்ள அச்சுகளில் கலவையை நிரப்பி, மறுநாள் அச்சினை நீக்கி, கனசதுரங்களை நீரில் இடுவர். 28ஆம் நாள் அவை எந்திரத்தில் நொறுக்கப்படும். ஒரு கனசதுரத்தின் முகப்பரப்பு 22,500 சதுர மி.மீ. சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டன் வலிமையுடையதாயின், அது 4,50,000 நியூட்டன் விசையைத் தாங்கும். அஃது ஏறத்தாழ 46 டன் எடைக்கு ஒப்பாகும். மூன்று கனசதுரங்களின் சராசரியே முடிவாகும். அவற்றுள் ஒன்றேனும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டிற்குமேல் வேறுபட்டால் அம்முடிவு செல்லாது.

சோதனையும் நேர்மையும்

2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். மண்ணின் தாங்குதிறன், வடிவமைப்பு, கட்டுமானப் பொருள் ஆகிய மூன்றும் சரியாக இருந்தாலன்றிக் கட்டடம் நிலைக்காது. இவற்றுள் ஒன்றையே கனசதுரம் சோதிக்கிறது. அதுவும், தூணில் இட்ட அதே கலவையிலிருந்து எடுக்கப்பட்டால் மட்டுமே உண்மை சொல்லும். சோதனைக்கென்று தனியே நல்ல கலவை செய்து அச்சில் நிரப்பினால், எந்திரம் அக்கனசதுரத்தின் வலிமையைக் காட்டுமேயன்றிக் கட்டடத்தின் வலிமையைக் காட்டாது. மாதிரி எடுப்பவரின் நேர்மையே ஆய்வகத்தின் முதற்கருவியாகும்.