குணமான பின்னும் குடியிருக்கும் கிருமி



காய்ச்சல் இறங்கிவிட்டால் நோய் தொலைந்தது என்று எண்ணிக் கடையைத் திறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் சில வைரஸ் கிருமிகள் உடம்பை விட்டு நீங்காமல் நரம்பிலும் மூளையிலும் பதுங்கிவிடுகின்றன.

இதற்கு நம் வீடுகளிலேயே சான்று உண்டு. சிறுவயதில் சின்னம்மை கண்டவரின் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் அக்கிருமி பல்லாண்டு உறங்கும். முதுமையால் எதிர்ப்புச் சக்தி குன்றும்போது விழித்து, நரம்பு வழியே தோலுக்கு வந்து கொப்புளிக்கும். அதுவே அக்கி.

நரம்பில் ஏன் ஒளிகிறது? தோலின் அணுக்கள் உதிர்ந்து புதியவை முளைக்கும். நரம்பணு அழிந்தால் ஈடு கிடைப்பது அரிது. ஆகவே உடம்பின் காவற்படை அங்கே கடுமை காட்டத் தயங்குகிறது. அந்தத் தயவே கிருமிக்குப் புகலிடம்.

நம் நாட்டில் இதனினும் கொடிய அனுபவம் ஏற்பட்டது. 1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், 1999இல் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கில் பெருகியது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்தவர்களில் 12 பேருக்கு அது மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் திரும்பியது. முதலில் மூளை பாதிக்கப்படாத 10 பேருக்கும் பின்னர் மூளையைத் தாக்கியது. இந்த 22 பேரில் 4 பேர் இறந்தனர்.

“பன்றியைத் தொடாத நமக்கென்ன?” என்று இருந்துவிடலாகாது. கிருமியின் மூல இருப்பிடம் பழந்தின்னி வௌவால். 2018இல் கோழிக்கோட்டில் பன்றி இடையில் இல்லாமலே நோயாளியிடமிருந்து உறவினருக்கும் தாதிக்கும் பரவியது.

ஆகவே மூன்று காரியங்களை மனத்தில் வையுங்கள்:

1. வௌவால் கடித்த பழத்தை, கடித்த பாகத்தை வெட்டிவிட்டும் விற்காதீர்கள், உண்ணாதீர்கள். நஷ்டம் சிறிது.

2. முன்பு மூளைக்காய்ச்சல் கண்டவருக்குக் காய்ச்சலுடன் தலைவலி, வலிப்பு, புத்தித் தடுமாற்றம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் பழைய நோயை மறைக்காமல் சொல்லுங்கள்.

3. அக்கிக்குக் காவி பூசி நாள் கடத்தாதீர்கள். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நலம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். காலத்தில் வைத்தியம் தேடுவது நம் பொறுப்பு.