பிளைவுட் அறுக்குமுன் கீலை வாங்கு

உத்தமபாளையத்து வீட்டுக்குப் பூச்சு வேலை முடிஞ்சுருச்சு, அடுத்த வாரம் ஆசாரி அண்ணன் வர்றார்னு சொன்னே. சந்தோஷம். ஆனா பிளைவுட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பிட்டிங்ஸ் கடைக்குப் போயிட்டு வா. ஊர்ல எல்லாரும் இதைத் தலைகீழாத்தான் செய்றாங்க. பலகை வாங்கி, அறுத்து, பெட்டி அடிச்சு, மைக்கா ஒட்டி, எல்லாம் முடியப் போற நேரத்துல "கீலும் சேனலும் வாங்கிக் குடுங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்த நேரத்துல கையில காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. கடைக்காரர் எதை எடுத்துப் போடுறாரோ அதுதான்.

பலகையை எந்த அளவுல அறுக்கணும்னு சொல்றதே பிட்டிங்ஸ்தான். டிராயருக்குப் போடுற டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம், சரியாச் சொன்னா 12.7 மி.மீ., இடம் கேட்கும். பெட்டியோட உள் அகலம் 18 அங்குலம்னா டிராயரோட வெளி அகலம் 17தான். ஒரு நூல் கூடிப்போச்சுன்னா டிராயர் இறுகிக்கும். ஒரு நூல் குறைஞ்சா சேனல் இழுபட்டு, உள்ள இருக்குற குண்டெல்லாம் தேய ஆரம்பிக்கும். சேனலை ஆசாரி அண்ணன் கையில குடுத்துட்டா அவர் அதை வச்சே அளந்துக்குவார், வாய்க்கணக்கு வேண்டாம்.

முதல்ல கீல். காசை இங்கதான் போடணும். மாப்பிள்ளை வாட்ஸ்அப்ல அனுப்பின தங்கக் கலர் கைப்பிடி அழகாத்தான் இருக்கு, அதைப் பிறகு பாத்துக்கலாம். கைப்பிடி பிடிக்கலைன்னா ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி மாத்திரலாம். கீல் பழுதாகி ஆணி ஓட்டை பெருசாச்சுன்னா அந்தக் கதவுக்கே வைத்தியம் பாக்கணும்.

கப்போர்டுக்கு இப்ப எல்லாரும் போடுறது ஆட்டோ கீல். கதவோட உள்பக்கம் 35 மி.மீ. அகலத்துக்கு வட்டமா ஒரு குழி எடுத்து உட்கார வைக்கிறது. இதுல மூணு வகை உண்டு. கீலோட கை நேரா இருந்தா 0 க்ராங்க். கதவு, பக்கப் பலகையோட முகப்பு முழுசையும் மூடி வெளிய நிக்கும். கொஞ்சம் வளைஞ்சிருந்தா 8. நடுவுல இருக்குற ஒரே பலகையை ரெண்டு கதவும் பாதிப் பாதியாப் பங்கு போட்டுக்குற இடத்துக்கு இது. நல்லா வளைஞ்சிருந்தா 16, சில கம்பெனியில 15ன்னு போட்டிருக்கும். கதவு சட்டத்துக்கு உள்ள அடங்கி நிக்கணும்னா இதுதான் வேணும். "ஆட்டோ கீல் 20 குடுங்க"ன்னு பொத்தாம் பொதுவாக் கேட்டா பெரும்பாலும் 0 க்ராங்கைத்தான் கட்டிக் குடுப்பாங்க. மூணு கதவு வச்ச அலமாரியில நடுப் பலகையில தொங்குற கதவுக்கு அது ஒத்து வராது. ஒரு தாள்ல அலமாரியைப் படமாப் போட்டு, ஒவ்வொரு கதவு மேலயும் 0, 8, 16ன்னு எழுதச் சொல்லி வாங்கிக்க. அந்தத் தாளோட கடைக்குப் போ.

எத்தனை கீல்ங்கிறதுல கஞ்சத்தனம் பாக்காதே. 3 அடி உயரம் வரைக்கும் 2 கீல், 5 அடி வரைக்கும் 3, ஆறரை அடி வரைக்கும் 4, அதுக்கு மேல 5. கதவு அகலம் 2 அடியை நெருங்கினா இன்னும் ஒண்ணு சேத்துக்க. 19 மி.மீ. பிளைவுட் சதுர அடிக்கு ஒரு கிலோவுக்கு மேல வரும். 7 அடி உயரம், ஒன்றரை அடி அகலக் கதவுன்னா 11, 12 கிலோ ஆயிரும். அது மேல ஆளுயரக் கண்ணாடி வேற ஒட்டணும்ங்கிறே. 4 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ. அந்த ஒரு கதவுக்கு மட்டும் மறக்காம ஒரு கீல் கூடப் போடச் சொல்லு.

சாஃப்ட் க்ளோஸ் வேணுமான்னு கேட்டே. சமையலறையில அடிக்கடி திறக்குற கதவுக்கும் பிள்ளைங்க கை படுற டிராயருக்கும் போடு. பரண் கதவுக்கு எதுக்கு? வருஷத்துல பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறக்கிறதுக்கு சாதா ஆட்டோ கீலே தாராளம். சின்னக் கதவுக்கு ரெண்டு சாஃப்ட் க்ளோஸ் போட்டா, கதவு மூடுறதுக்குள்ள நீ அடுத்த வேலைக்குப் போயிருவே. நல்ல கம்பெனி கீல்ல அதை நிறுத்தி வைக்க ஒரு குட்டி பொத்தான் இருக்கும். ஒண்ணுல நிறுத்திட்டா சரியாயிரும்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. கம்பம் பள்ளத்தாக்குல ஒரு ஊர் சீதோஷ்ணம் இன்னொரு ஊர்ல கிடையாது. கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் பிடிச்சா சாரல்தான். மரமெல்லாம் ஈரம் குடிச்சு நிக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் அதே மாசத்துல மழையைக் காணோம், காத்துதான்; அதை நம்பித்தானே அத்தனை காத்தாலை நட்டு வச்சிருக்காங்க. உங்க ஊர் ரெண்டுக்கும் நடுவுல. ஆனி, ஆடியில காத்தும் வரும், சாரலும் எட்டிப் பாக்கும். அதனால சித்திரை வெயில்ல நல்லாக் காய்ஞ்ச மரத்துல கதவு மாட்டினா, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி விட்டே ஆகணும். "பாக்க அசிங்கமா இருக்கு"ன்னு நெருக்கிப் போடச் சொல்லாதே, ஆடியில திறக்க முடியாது. பிளைவுட்ல இந்தத் தொல்லை குறைவு. ஆனா பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ வர்ற கதவுக்குத் தண்ணி தாங்குற ஐ.எஸ். 710 முத்திரை பாத்து வாங்கு.

காத்து அடிக்கிற ஜன்னலுக்கு எதிர்ல வர்ற அலமாரிக்குப் பழைய மாதிரி பட்டைக் கீல் போடுறதா இருந்தா காந்தம் கட்டாயம் வேணும். ஆட்டோ கீல்ல ஸ்பிரிங் இருக்கு, கதவு தானா இழுத்துப் பிடிச்சுக்கும். பட்டைக் கீலுக்கு அந்தப் பிடிமானம் இல்ல. ரெட்டைக் கதவுன்னா ஒரு கதவுக்கு உள்பக்கம் மேலயும் கீழயும் குட்டித் தாழ்ப்பாள், இன்னொரு கதவுக்குக் காந்தம். ஒரே கதவுன்னா காந்தத்தை மேல் மூலையில வை, நடுவுல வேண்டாம். அங்க வச்சா கையை உள்ள விடுறப்பெல்லாம் இடிக்கும்.

துருப் பிரச்சினை. கடையில பாக்குற ஆட்டோ கீல்ல முக்கால்வாசி நிக்கல் முலாம் போட்ட இரும்புதான். படுக்கையறைக்கு அது போதும். தொட்டிக்குக் கீழ, அடுப்புக்குப் பக்கத்துல, உப்பு, புளி, ஊறுகாய் ஜாடி வைக்கிற இடத்துல மட்டும் எஸ்.எஸ். 304 கேளு. 304-ல குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202-ன்னு ஒண்ணு வரும். நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டினது. பாக்க அதே பளபளப்பு, விலை குறைவு, உப்புப் பட்டா சீக்கிரம் புள்ளி விழும். காந்தத்தை வச்சுப் பாத்தாக் கண்டுபிடிச்சிரலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. இந்த ரெண்டுமே பெரும்பாலும் காந்தத்துல ஒட்டாது. 304-ங்கிறது பெட்டி மேலயும் இருக்கணும், பில்லுலயும் இருக்கணும். இன்னொண்ணு, கீலை எஸ்.எஸ்.ல வாங்கிட்டு ஸ்க்ரூவை இரும்புல போட்டா துரு ஸ்க்ரூ தலையிலதான் ஆரம்பிக்கும். ரெண்டையும் சேத்தே கேளு.

உங்க சமையலறையில பிளைவுட் பெட்டி கிடையாது, கடப்பாக் கல்லை நட்டுத் தட்டு போட்டிருக்கீங்க. நம்ம ஊர்ல பாதி வீடு அப்படித்தான். அதுக்கு வெறும் கதவை மட்டும் கொண்டாந்து கல்லுல மாட்ட முடியாது. முகப்புல மரச்சட்டம் அடிச்சு, அந்தச் சட்டத்துலதான் கீல் நிக்கணும். கதவு சட்டத்துக்கு உள்ள அடங்குறதுன்னா 16 க்ராங்க் அல்லது பட்டைக் கீல். செலவைக் குறைக்கிறேன்னு பி.வி.சி. கதவு போடுறதா இருந்தா, கீலும் கைப்பிடியும் வர்ற இடத்துல உள்ள மரத்துண்டு வச்சிருக்கான்னு தட்டிப் பாரு. இல்லைன்னா உள்ள வெறும் குழல்தான், ஸ்க்ரூவுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது.

சேனலுக்கு வர்றேன். பெட்டி மேல 35 கிலோ, 45 கிலோன்னு போட்டிருக்கும். கரண்டி, ஸ்பூன் டிராயருக்கு 35 போதும். பித்தளைப் பாத்திரம், குக்கர், அரிசி டப்பா வைக்கிற கீழ் டிராயருக்கு 45 வாங்கு. நீளம் 10 அங்குலத்துல இருந்து 24 வரைக்கும் கிடைக்கும். பெட்டி ஆழம் 22 இருக்க, விலை குறைவுன்னு 18 சேனல் போட்டா பின்னாடி 4 அங்குலம் சும்மா கிடக்கும். கடையில சேனலை முழுசா இழுத்து, நுனியைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு. லொடலொடன்னு ஆடினா வேண்டாம். ஆண்டிபட்டிப் புழுதிக் காத்து அடிக்கிற வீட்டுல குண்டு ஓடுற தடத்துல மண் ஏறும். எண்ணெய் விடாதே, எண்ணெய் விட்டா மண் இன்னும் அப்பும். காய்ஞ்ச துணியால துடைச்சா போதும்.

சிலிண்டரை உள்ள தள்ளி வைக்க இழுப்புத் தட்டு கேட்டியே. 14.2 கிலோ கேஸ், அதோட இரும்பும் சேந்து நிறை சிலிண்டர் 30 கிலோவுக்குப் பக்கம் வரும். 35 கிலோ சேனல்ல அதை ஏத்தி தினமும் இழுக்குறது எனக்குச் சம்மதமில்ல. சக்கரம் வச்ச தட்டுல தரையிலயே நிறுத்து. அந்தக் கதவுக்கு அடியில ஜாலி கட்டாயம். சமையல் கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையோடதான் பரவும். மேல மட்டும் ஓட்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

கைப்பிடி. தங்கக் கலர் ஆகாதுன்னு சொல்லல, ஹால் ஷோகேஸுக்கு வச்சுக்க. சமையலறைக்குக் கை முழுசா நுழையுற கைப்பிடி வேணும். எண்ணெய்க் கையோட குமிழைப் பிடிச்சா வழுக்கும். உங்க அத்தைக்கு விரல் மடக்கினா வலிக்குதுன்னு வேற சொல்லுவே. ரெண்டு நுனியும் கதவுப் பக்கமா வளைஞ்சு முடியுற வகையாப் பாத்து வாங்கு. நுனி நீட்டிக்கிட்டு நிக்கிறதுல நைட்டி மாட்டும், முந்தானை மாட்டும், கையில சாம்பார் இருக்குற நேரமாப் பாத்துத்தான் மாட்டும். ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடு அளவு 96, 128, 160 மி.மீ.ன்னு வரும். வீடு முழுக்க ஒரே அளவா எடுத்தா நாளைக்குக் கைப்பிடியை மாத்துறப்ப புது ஓட்டை போட வேண்டியதில்ல.

பூட்டு விஷயத்துல நாங்க போடிக்காரங்க கொஞ்சம் கவனமாவே இருப்போம், ஏலக்காயும் மிளகும் வைக்கிற வீடாச்சே. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது, நம்ம பக்கத்து ஊர்ச் சரக்கு, தைரியமா வாங்கலாம். ஆனா நல்ல பூட்டை வாங்கி மட்டமான கொண்டியில தொங்கவிடுற வீடு எத்தனையோ இருக்கு. கொண்டியைப் போட்டு மூடினா அதோட ஸ்க்ரூ எதுவும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா பூட்டை உடைக்கவே வேண்டாம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். நாதாங்கியை ஸ்க்ரூவுக்குப் பதிலா நட்டு போல்ட்டு போட்டு உள்பக்கம் முறுக்கச் சொல்லு. துணி அலமாரிக்கு மல்டிபர்பஸ் லாக் போதும். பலகை கனம், மைக்கா ரெண்டையும் சேத்து அளந்து அதுக்கேத்த நீளத்துல கேளு.

மாட்டி முடிச்ச பிறகு கதவு ஒண்ணுக்கொண்ணு ஏறி இறங்கித் தெரிஞ்சா ஆசாரி அண்ணனுக்குப் போன் போடாதே. ஆட்டோ கீலோட கையில கதவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினா கதவு இடது வலதா நகரும். பின்னாடி இருக்குறதைத் தளர்த்தினா கதவு முன்ன பின்ன நகரும். ரெண்டையும் தாங்குற தகட்டுல நீளவாக்கு ஓட்டை இருந்தா அங்க தளர்த்தி மேலயோ கீழயோ ஏத்தி இறக்கலாம். தளர்த்துறப்ப கதவை ஒரு கையால தாங்கிப் பிடிச்சுக்க. ஒரே கீலை மட்டும் திருகிக்கிட்டே போகாம, மேல கீழ ரெண்டுலயும் அரைச் சுத்து, அரைச் சுத்தா மாத்திப் பாரு.

கடைசியாப் பில் போடுறப்ப ஒவ்வொரு வகைக் கீல்லயும் ரெண்டும், ஒரு ஜோடி சேனலும் கூடுதலா வாங்கி வை. மாடல் மாறிச்சுன்னா ஸ்க்ரூ ஓட்டையோட இடமும் மாறிரும், பழைய குழியில புதுக் கீல் உட்காராது. ஹெட்டிக்கோ எப்கோவோ கோத்ரெஜோ, எதுவா இருந்தாலும் வீடு முழுக்க ஒரே கம்பெனியா எடு. காலிப் பெட்டியில இருக்குற மாடல் நம்பரை போட்டோ எடுத்து எனக்கும் ஒண்ணு அனுப்பு, எங்க வீட்டு அடுப்படிக் கதவுக்கும் கீல் மாத்தணும்.