பழைய காரைப் புதிதாக்கிவிடாதே, தம்பி



பழைய கார்களைச் சீரமைக்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். டிங்கரிங், பெயின்ட், வயரிங், என்ஜின் வேலை எல்லாவற்றையும் சொல்லித்தர உன் பட்டறையிலேயே கைதேர்ந்தவர்கள் இருப்பார்கள். நான் எழுத வந்தது, கையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றி. ஐம்பது அறுபது வயதான ஒரு மோரிஸோ ஃபியட்டோ ஹெரால்டோ பட்டறைக்கு வந்தால் இப்போது நடக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். பாடியைத் தகடு தெரியும்வரை சுரண்டுவார்கள், மணல் அடிப்பார்கள், பட்டி போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள், கண்ணாடிபோல் மின்னும் பியு பெயின்ட் அடிப்பார்கள். சீட்டுக்குப் புது ரெக்சின், பம்பருக்குப் புதுக் குரோமியம். ஷெட்டிலிருந்து வண்டி வெளியே வரும் நாளில் பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரில் பழைய பொருள் எவ்வளவு எஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் அது பழைய கார் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பொருளைக் காப்பாற்றுவது உன் முதல் வேலை. மெருகு அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

ஒருவர் பழைய காரை ஏன் உன்னிடம் கொண்டுவருகிறார் என்பதிலிருந்து யோசித்துப் பார். ஆபீஸ் போய்வர அவருக்கு வேறு வண்டி இருக்கும். இது அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி. இல்லையென்றால் சின்ன வயதில் அடுத்த வீட்டு வாசலில் ஏக்கத்தோடு பார்த்த வண்டி. நம் நாட்டில் 1950-களின் பிற்பாதியிலிருந்து 1980-களின் தொடக்கம்வரை அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றைத் தாண்டிப் புதுக் கார் வாங்க ஏறக்குறைய வழியே இல்லை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த காரை எளிதில் யாரும் விற்கவில்லை. பிள்ளைகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகும்வரை அதே வண்டி வீட்டில் நின்றது. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங், ஒரே ஆள் உட்கார்ந்து பள்ளம் விழுந்த டிரைவர் சீட், கதவைச் சாத்தும்போது எழும் சத்தம், வெயிலில் நின்ற பிறகு உள்ளிருந்து வரும் ரெக்சின் வாசனை, காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பக்குவம் என்று நினைவுகள் இப்படிப்பட்டவற்றைத்தான் பற்றிக்கொண்டு நிற்கின்றன. இவற்றில் பலவற்றைப் பழுது என்று பெயர் வைத்து முதல் வாரத்திலேயே பட்டறை கழற்றிப் போட்டுவிடுகிறது. உரிமையாளர் கேட்டு வந்தது எதுவோ அதுவே அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

சென்னைக்கு நெருக்கமான ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. சேசிஸ் தனி, பாடி தனி என்ற முறையைச் சிறு கார்கள் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டு மட்டும் பழைய வழிக்குத் திரும்பியது. அதற்குக் காரணம் உண்டு. டிரையம்ஃபின் தாய் நிறுவனமான ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் செய்து தர ஆள் இல்லாமல் போனதால், பாடியைத் துண்டு துண்டாகச் செய்து சேசிஸ்மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி காரை அமைத்தார்கள். மட்கார்டும் பானெட்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதும், சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடுவதும் ஹெரால்டை ஓட்டியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்பவை. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைச் சென்னையில் செய்தது. முதலில் இரண்டு கதவுதான். பின்சீட்டில் ஏற முன்சீட்டை மடக்க வேண்டும் என்றால் நம் குடும்பங்களுக்குச் சரிப்படாது. அதனால் 1968-இல் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை.

இதை உன் வேலையோடு சேர்த்துப் பார். பிரிட்டிஷ் ஹெரால்டுக்குப் பொருந்தும் பாகங்கள் பலவற்றை இன்றும் அங்கிருந்து வரவழைக்கலாம். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவை எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்க முடியாது. அடிப்பகுதி துருப்பிடித்த அந்தக் கதவை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுத் தகட்டில் ஒன்றை வளைத்து மாட்டினால் பார்க்க நேர்த்தியாக இருக்கலாம். ஆனால் மூல காரில் இல்லாத ஒரு கதவை நம் ஊர்த் தொழிலாளர்கள் எப்படி வடித்தார்கள், மடிப்பை எங்கே வைத்தார்கள், எந்த இடத்தில் பற்றவைத்தார்கள் என்பதற்கு அந்தத் தகடுதான் சாட்சி. துருவேறிய இரண்டு அங்குலத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டால் சாட்சியும் தப்பும், கதவும் பிழைக்கும். சென்னையின் தொழில் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு உன் பட்டறையில் கிடக்கும் இந்தக் கதவு ஓர் ஆவணம் என்பதை நீ உணர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பழைய கார்களை மதிப்பிடும் உலகமும் இந்தப் பக்கமாக நகர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் போட்டி 1950-இல் தொடங்கியது. முழுதாகப் புதுப்பித்துப் பளபளக்கும் கார்களே அங்கே நெடுங்காலம் முதல் பரிசை வாங்கின. 2024-இல், புதுப்பிக்காமல் காத்துவைத்த ஒரு கார் முதல்முறையாக அந்தப் பரிசை வென்றது: பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த 1934 புகாட்டி டைப் 59. அதற்கு முன்பே, 2015 பிப்ரவரியில், பாரிஸ் ஏலமொன்றுக்குப் பாய்யோன் குடும்பத்தின் கார்கள் வந்தன. பிரான்சில் ஒரு பண்ணையின் கொட்டகைகளில் பல பத்தாண்டு கிடந்த அவற்றைத் தூசியும் துருவுமாக அப்படியே வைத்தார்கள். அதில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, டூரின் சாசனம் என்ற ஆவணத்தில் காப்பதையே முதலில் வைக்கிறது, புதுப்பிப்பது அதற்கு அடுத்துத்தான். மாற்றிய பாகங்களில் அடையாளம் இட வேண்டும், செய்த வேலையை எழுதிவைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம் அரசும் 2021-இல் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவாகி 50 ஆண்டுக்கு மேலாகி, மூல வடிவிலேயே பேணப்பட்டு, சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது விதி. ‘விஏ’ எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அளவுக்கு மீறிய புதுப்பிப்பு நாளை வண்டியின் தகுதியையே கேள்விக்குள்ளாக்கலாம் என்பதை வாடிக்கையாளருக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கார்களில் மூலம் என்று என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. 1950-களில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போயின. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. ஒரு சின்ன புஷ் தேய்ந்தால்கூட லெய்த்தில் கடைந்துதான் போட வேண்டும் என்ற நிலை வந்தது. பழைய அமெரிக்கக் கார்களில் டீசல் என்ஜின் மாற்றி டாக்சியாக ஓட்டினார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைத்தது எதுவோ அது எந்த வண்டியிலும் ஏறியது. அப்படியானால் எதைக் காப்பது? இதற்கு லண்டன் உயர் நீதிமன்றத்தின் 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நல்ல வழி காட்டுகிறது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லே மான் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லி ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. முதலில் ஓடிய காரின் பாகங்கள் அதில் மிகக் குறைவு, ஆகவே அது உண்மையான கார் இல்லை என்று வாங்குபவர் தரப்பு பின்வாங்கியது. நீதிபதி ஆட்டன் அதை ஏற்கவில்லை. பாகங்கள் ஒவ்வொன்றாக மாறியிருந்தாலும் வண்டியின் வாழ்க்கை அறுபடாமல் தொடர்ந்திருக்கிறது, அதனால் இதுவே அந்தக் கார் என்றார். இதன்படி பார்த்தால் ஒரு பழைய டாட்ஜ் காரில் நம் ஊர் லெய்த் பட்டறைக்காரர் கடைந்து போட்ட பித்தளை புஷ்ஷும் அந்தக் காரின் வரலாறுதான். தட்டுப்பாட்டில் நம்மவர்கள் எவ்வளவு திறமையோடு வண்டிகளை ஓடவைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அதைப் பிடுங்கிவிட்டு அமெரிக்காவிலிருந்து வரவழைத்த புதுப் பாகத்தைப் போடுவதற்கு முன் நன்றாக யோசி. டீசல் என்ஜினைப் பொறுத்தவரை, மூல என்ஜின் கையில் இருந்தால் திரும்ப வைக்கலாம். இல்லாவிட்டால் டீசலே இருக்கட்டும். எங்கிருந்தோ கொண்டுவந்த வேறொரு பெட்ரோல் என்ஜினை ஏற்றி மூல என்ஜின் என்று காட்டுவது பொய்.

துருவை அப்படியே விட்டால் வண்டி அழிந்துபோகாதா, ஓட்டுபவர் உயிருக்கு யார் பொறுப்பு என்பது அடுத்த எதிர்ப்பு. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. பிரேக், டயர், பெட்ரோல் லைன், ஸ்டீயரிங் மூட்டுகள், இற்றுப்போன வயரிங் இவற்றில் பழமைக்கு இடம் கிடையாது; மாற்றிவிடு. சேசிஸ் அரித்திருந்தால் வெட்டிப் பற்றவை. நான் சொல்வது உயிருக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லாத பெரும்பகுதியைப் பற்றி. துருவை நிறுத்துவது வேறு, துரு இருந்த தகட்டையே இல்லாமலாக்குவது வேறு. மணல் அடிப்பதில் குறிப்பாக எச்சரிக்கையாக இரு. மெல்லிய தகட்டில் வேகமாக மணல் அடித்தால் தகடு நெளிந்துவிடும், பிறகு அந்த நெளிவை மறைக்கக் கட்டிக்கட்டியாகப் பட்டி போடுவார்கள். கோயில் திருப்பணிகளில் தூண்களுக்கு மணல் வீசிச் சுத்தம் செய்தபோது சிற்பங்களும் கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கிப்போனதை எதிர்த்து அறிஞர்கள் குரல் கொடுத்தார்கள் அல்லவா, இதுவும் அதே கருவி செய்யும் அதே சேதம்தான்.

வாடிக்கையாளர் பளபளப்பைக் கேட்கிறார், காசு அவருடையது, கார் அவருடையது என்பார்கள். அப்பா வாங்கி வந்த நாளில் இருந்ததுபோல வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாளிலும் கார் இப்படி மின்னவில்லை. நைட்ரோசெல்லுலோஸ், எனாமல் பெயின்ட்டுகளின் பளபளப்பு மிருதுவானது, கை வைத்துத் தேய்த்துக் கொண்டுவருவது. இன்றைய கிளியர்கோட்டின் ஈரக் கண்ணாடிப் பளபளப்பை அந்த நாளில் எந்த வீட்டு வாசலும் கண்டதில்லை. டிக்கியின் உள்பக்கத்திலோ டேஷ்போர்டுக்குக் கீழேயோ பழைய பெயின்ட் ஓரிடத்தில் தங்கியிருக்கும். அதைத் துடைத்து, உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டு. அந்த நிறத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யச் சொல். பாடி முழுவதும் அரித்து, சீட்டும் கண்ணாடியும் காணாமல்போய், கூடு மட்டும் வந்திருக்கிறதா, முழுப் புதுப்பிப்புதான் வழி. அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். பட்டறைக்கு வருமானம் குறையும் என்ற பயமும் வேண்டாம். பழைய பெயின்ட்டைப் பொறுமையாகச் சுத்தம் செய்யவும், கிழிந்த ரெக்சினை உள்ளிருந்து துணி கொடுத்து ஒட்டவும், உடைந்த ஹார்ன் ரிங்கைச் சரிசெய்யவும் அதிக நேரமும் அதிகத் திறமையும் வேண்டும். மாற்றிய பாகங்களுக்குப் பில் போடுவதுபோல அந்த நேரத்துக்கும் கூச்சப்படாமல் கூலி கேள்.

அடுத்த வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடு. சேசிஸ் எண், என்ஜின் எண், பழைய பெயின்ட்டின் நிறம், முன்பு யாரோ போட்ட ஒட்டு ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுது. புதிதாகப் போடும் பாகத்தில் கண்ணுக்கு உறுத்தாத இடத்தில் ஆண்டைப் பொறித்துவை. கழற்றிய பழைய பாகம் எதையும் இரும்புக் கடைக்கு அனுப்பாதே. எண்ணெய் தடவி, பெட்டியில் போட்டு, காரோடு சேர்த்து உரிமையாளர் கையில் கொடுத்துவிடு.