பழைய புத்தகத்துக் கட்டளைகள்

புதுவை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதிலுள்ள கட்டளைகளை அப்படியே நம்பி டைப் செய்யாதீர்கள்.

உதாரணமாக, ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க விண்டோஸ் 98 புத்தகம் 'ஸ்கேன்டிஸ்க்' என்று சொல்லும். 2001-ல் வந்த எக்ஸ்பியிலேயே அது கிடையாது. 'செக்டிஸ்க்' (சி, எச், கே, டி, எஸ், கே) தான்.

சரிபார்ப்பது சுலபம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, கட்டளையின் பெயர், ஒரு ஸ்பேஸ், பிறகு /? டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் விண்டோஸுக்கே உரிய விளக்கம் திரையில் வரும். வெறும் செக்டிஸ்க் பிழைகளைக் காட்டும். /எஃப் சேர்த்தால்தான் திருத்தும்.

முக்கியமாக, 'ஃபார்மட்' போன்ற கட்டளைகளை விளக்கம் படிக்காமல் தொடாதீர்கள். குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும்.

சரிபார்த்ததும் விண்டோஸ் பதிப்பையும் தேதியையும் புத்தக ஓரத்தில் பென்சிலால் நான் குறித்து வைக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். அடுத்து படிப்பவருக்கும் உதவும்.