புள்ளிகூட மாறாதா?

நம்பிக்கை: எந்த நாட்டில் குர்ஆன் வாங்கினாலும் ஒரு புள்ளிகூட வேறுபடாது.

மொராக்கோவில் அச்சான பிரதியைத் திறந்தால் முதலில் வேறுபடுவதே புள்ளிதான். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் உள்ள பிரதிகளில் 'ஃபா' எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, 'காஃப்' எழுத்துக்கு மேலே இரண்டு. அங்கே 'ஃபா'வுக்குப் புள்ளி கீழே; 'காஃபு'க்கு மேலே ஒன்றுதான். இது வெறும் எழுத்து வழக்கம். ஆனால் ஓதலும் வேறு. நாம் ஓதுவது கூஃபா நகரத்து ஆஸிமின் மாணவர் ஹஃப்ஸ் வழி வந்தது. மொராக்கோவில் ஓதுவது, எகிப்திலிருந்து மதீனா சென்று நாஃபியிடம் ஓதிய வர்ஷ் வழி வந்தது. பெரும்பாலும் உச்சரிப்பில்தான் மாற்றம். சில இடங்களில் சொல்லே மாறும். நோன்பு நோற்க இயலாதவரின் பரிகாரத்தைச் சொல்லும் 2:184இல் ஹஃப்ஸ் 'ஓர் ஏழைக்கு உணவு' என்று ஓத, வர்ஷ் 'ஏழைகளுக்கு உணவு' என்று ஓதுகிறார். 57:24இல் ஹஃப்ஸ் ஓதும் 'ஹுவ' என்ற சொல் வர்ஷில் இல்லவே இல்லை. கூஃபா கணக்கில் வசனங்கள் 6,236, மதீனா கணக்கில் 6,214. ஆனால் அது வசனத்தை எங்கே முடிப்பது என்பதில் வந்த வேறுபாடு. ஹஃப்ஸ் இன்று உலகெங்கும் பரவியதில் 1924இல் கெய்ரோவில் வெளியான பதிப்புக்குப் பெரும் பங்குண்டு.

நம்பிக்கை: இதையெல்லாம் அறிஞர்கள் மூடி மறைத்தார்கள்.

மறைக்கிறவர்கள் இதற்கென்று தனி நூல் எழுதுவார்களா? 936இல் இறந்த பக்தாத் அறிஞர் இப்னு முஜாஹித் ஏழு ஓதல்களைத் தொகுத்தே எழுதினார். மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹத் அச்சகம் வர்ஷ் பிரதியையும் அச்சிடுகிறது. அதற்காக யாரும் எப்படியும் ஓதலாம் என்றும் இருக்கவில்லை: கலீஃபா உஸ்மான் தொகுப்பித்த பிரதிக்கு ஒவ்வாதபடி ஓதிய இப்னு ஷன்னபூத் 935இல் பக்தாதில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார்.

நம்பிக்கை: குர்ஆன் 'ஏழு ஹர்ஃபு'களில் அருளப்பட்டதாக ஹதீஸ் (நபிமொழி) சொல்வது இந்த ஏழு ஓதல்களைத்தான்.

இல்லை. ஏழு ஓதல்கள் என்பது நபிகளுக்கு 300 ஆண்டுகளுக்குப் பின் இப்னு முஜாஹித் செய்த தேர்வு. பிற்காலத்தில் இப்னுல் ஜஸரி பத்தாக விரித்தார்.

நம்பிக்கை: ஓர் உயிர்க்குறி மாறினால் மார்க்கச் சட்டமே மாறிவிடும்.

தொழுகைக்கு முன் உடலைத் தூய்மை செய்யும் உளூவைப் பற்றிய 5:6இல் 'அர்ஜுலகும்' என்று ஓதினால் கால்களைக் கழுவ வேண்டும், 'அர்ஜுலிகும்' என்று ஓதினால் ஈரக்கையால் தடவ வேண்டும் என்று பொருள் கொள்ள இடமுண்டு. ஆனால் சட்டத்தை முடிவு செய்வது உயிர்க்குறி மட்டுமல்ல: ஷியாக்கள் தடவுகிறார்கள். ஈரானில் அவர்கள் அச்சிடும் குர்ஆனோ 'அர்ஜுலகும்' என்று ஓதும் அதே ஹஃப்ஸ்.