பல்லும் பாலும் ஒரே குடும்பம்

முசரவாக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் படிக்கும் அன்புத் தங்கைக்கு,

காஞ்சிபுரத்து மீன் சந்தையில் ரோகுவும் சாதாக் கெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் கெண்டைக் குடும்பம்தான். ஆனால் ரோகுவின் செல்லில் 50 குரோமோசோம்கள், சாதாக் கெண்டைக்கு 100. சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் இரு வேறு இன மீன்கள் கலந்து, இரண்டின் மரபணுத் தொகுதிகளும் ஒரே உடலில் தங்கிவிட்டதால் வந்த கணக்கு இது.

மரபணுத் தொகுதி முழுவதும் இப்படி இருமடங்காவது நம் வம்சத்திலும் நடந்திருக்கிறது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆதி முதுகெலும்பிகளின் காலத்தில், இரண்டு முறை.

இதன் முக்கியத்துவத்தை முதலில் உரக்கச் சொன்னவர் அமெரிக்காவில் பணியாற்றிய சுசுமு ஓனோ. 1970இல் அவர் எழுதிய நூல் முழுக்க இதைப் பற்றியதுதான். உன் ஊர்ப் பக்கத்துத் தறியை வைத்தே அவர் வாதத்தைச் சொல்லிவிடலாம். ஜக்கார்டு பெட்டியில் புடவையின் டிசைனை ஓட்டைகளாகத் தாங்கி ஓடிக்கொண்டிருக்கும் ஒரே அட்டைக் கட்டில் புது ஓட்டை போட்டால் நெய்துகொண்டிருக்கும் புடவை கெடும். அதே கட்டுக்கு இன்னொரு படி இருந்தால், ஒன்றில் பழைய புட்டா ஓட, மற்றதில் புதிய டிசைனைத் துணிந்து பார்க்கலாம். வேலையில் இருக்கும் மரபணுவை இயற்கைத் தேர்வு எளிதில் மாறவிடாது. படி உண்டானால் அந்தப் பிடி தளர்கிறது. பெரும்பாலான படிகள் கெட்டுப்போய் மறைந்துவிடும். சில, புதிய வேலை கற்றுக்கொள்ளும்.

நம் வம்சத்தில் தொகுதி இரண்டு முறை இருமடங்கானதற்கு உன் பாடப்புத்தகத்தில் வரும் ஆம்ஃபியாக்சஸ் சாட்சி. முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவான அந்தச் சிறு உயிரியிடம், தலை முதல் வால் வரை உடலின் இட ஒழுங்கைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஒரே வரிசையாக இருக்கின்றன. மனிதரிடமோ 2, 7, 12, 17ஆம் குரோமோசோம்களில் நான்கு வரிசைகள். ஹாக்ஸ் மரபணுக்களை 13 வகையாகப் பிரிப்பார்கள். எதுவும் தொலையாதிருந்தால் 52 இருக்க வேண்டும். இருப்பது 39.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை எலும்பினுடையது. சுறாப்புட்டு சாப்பிட்டிருந்தால் தெரியும், சுறாவுக்குக் கெட்டி முள் கிடையாது, குருத்தெலும்புதான். ஏன்? சிங்கப்பூரின் மூலக்கூறு மற்றும் செல் உயிரியல் நிறுவனத்தில் பைரப்பா வெங்கடேஷ் குழுவினர், தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் வாழும் யானைச் சுறாவின் மரபணுத் தொகுதியைப் படித்து 2014இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சுறாக்களின் உறவான அந்த மீனிடம், எலும்பைக் கெட்டிப்படுத்தக் கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்களின் மரபணுக் குடும்பம் ஒன்று இல்லவே இல்லை. எலும்புள்ள வரிக்குதிரை மீனில் அந்தக் குடும்பத்து எஸ்பிபி1 மரபணுவை முடக்கியபோது எலும்பு உருவாவது குறைந்தது.

அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் ஸ்பார்க் என்ற பழைய மரபணு. தொகுதி இரட்டித்தபோது அதற்கு ஸ்பார்க்எல்1 என்ற இணை கிடைத்தது. பிறகு அந்த இணை, குரோமோசோமில் தன் அருகிலேயே படி மேல் படியாகப் பெருகியது. ஒரு படி எலும்புக்குப் போனது, ஒன்று பல்லின் தந்தினிக்கு (டென்டின்), ஒன்று பற்சிப்பிக்கு (எனாமல்). பாலூட்டிகளில் சில படிகள் கேசீன் ஆயின. கேசீன்தான் பாலில் கால்சியத்தைத் தாங்கி நிற்கும் புரதம். பால் தயிராக உறைவதும் அதனால்தான். குழந்தையின் பல்லுக்கும் அது குடிக்கும் பாலுக்கும் ஒரே மூதாதை என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

படித்ததோடு விடாதே, நீயே பார். என்செம்பிள் என்ற இணையத் தரவுத்தளம் எல்லாருக்கும் இலவசம், கைப்பேசியே போதும். மனிதனைத் தேர்ந்தெடுத்து, ஸ்பார்க்எல்1 என்பதை ஆங்கில எழுத்தில் தட்டு. நான்காம் குரோமோசோம் விரியும். பக்கத்து வீடுகளில் தந்தினியின் மரபணு, எலும்பின் மரபணுக்கள், கடைசியில் எஸ்பிபி1. அதே குரோமோசோமில் சற்றுத் தள்ளிக் கேசீன்களும் பற்சிப்பி மரபணுக்களும். பிறகு கோழிக்கு மாறி, எந்தெந்த வீடுகள் காலி என்று குறித்துக்கொள். கோழிக்குப் பல்லும் இல்லை, பாலும் இல்லை. உன் பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்