எவர்சில்வர் பாட்டிலுக்கு ஒரு பெயர், ஒரு பெட்டி

நண்பர் ஒருவர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் வியாபாரம் தொடங்கினார். பாட்டிலைவிடப் பெட்டிதான் அழகு. கறுப்பு நிறம், மேட் லேமினேஷன், பொன்னிற ஃபாயிலில் பெயர். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரித்த அன்றே அந்தப் பெட்டி பழைய பேப்பர் மூட்டைக்குப் போய்விட்டது. பாட்டில்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார்கள். போகாத பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தார்கள். பிறகு பாட்டில் பளபளவென்று இருந்தது, பெயர்தான் இல்லை. "எங்கே வாங்கினீங்க?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டால், வாங்கியவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பெட்டிக்கு ஆயுள் ஒரு நாள், பாட்டிலுக்குப் பத்து வருடம். செலவு செய்வதற்கு முன் இதை மனதில் வையுங்கள். பெயர் பாட்டிலில் இருக்கட்டும். சட்டம் கேட்கும் விவரங்கள் பெட்டியில் இருக்கட்டும். 750 மில்லி கொள்ளும் ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலை வைத்துச் சொல்கிறேன்.

பெயர் வைப்பது

வைக்க நினைக்கும் பெயரைத் தொலைபேசியில் ஒருவரிடம் ஒரே ஒரு முறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சரியாக எழுதினால் தேறியது. 'தாழி' என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் பார்க்கும் வடநாட்டுக்காரர் அதைத் தட்டுச் சாப்பாடு என்று படிப்பார், நம் ஊர்க்காரருக்கோ முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும். 'ழ' உள்ள எந்தப் பெயருக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துமுறை உண்டு, தேடுபவர் எதைத் தட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. 'சுத்தநீர்', 'குளிர்நீர்' போலப் பொருளை அப்படியே வர்ணிக்கும் பெயர்களுக்கு வணிகச் சின்னப் பதிவு கிடைப்பது கடினம்.

பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் 21ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள். வீட்டுப் பாத்திரங்களும் தண்ணீர் பாட்டிலும் அந்த வகுப்பில்தான் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பித்ததும் 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு கிடைத்த பிறகுதான். அதற்கு முன்பே போட்டால் குற்றம்.

பாட்டிலின் உடம்பில்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பாத்திரக் கடையில் குடம் வாங்கினால், கடைக்காரர் 'கிர்ர்' என்று ஒரு மெஷினை வைத்துப் பெயர் வெட்டித் தருவாரே, அதைவிட நீடித்த பிராண்டிங் எனக்குத் தெரியாது. பாட்டியின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டிய சொம்பு இன்னும் எத்தனையோ வீடுகளில் புழங்குகிறது. அந்த மெஷினின் இன்றைய வாரிசு ஃபைபர் லேசர்.

வெறும் எவர்சில்வரில் லேசர் சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ எழுதும். பவுடர் கோட்டிங் செய்த பாட்டிலில் கோட்டிங்கை மட்டும் எரித்து உள்ளிருக்கும் எஃகைக் காட்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பல வண்ணம் வரும், செலவும் குறைவு, ஆனால் தேய்க்கும் நாருக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது மையைப் பொறுத்தது. எதைத் தேர்ந்தாலும் மாதிரி பாட்டிலை உங்கள் வீட்டுத் தொட்டியில் போட்டு, வழக்கமான நாரும் சோப்பும் கொண்டு நூறு முறை தேயுங்கள். நன்றாக ஒட்டும் டேப்பை எழுத்தின்மேல் அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். லேசர் எழுத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. சூடு அதிகமாகப் பட்டால் அந்த இடத்தில் எஃகு தன் துருத்தடுப்பை இழக்கும். உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் காலையில் பாருங்கள். எழுத்தோரம் பழுப்பு தட்டினால், லேசர்காரரிடம் பவரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இடம். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 22 சென்டிமீட்டர். நேரே நின்று பார்த்தால் பாதி தெரியும், ஆனால் ஓரங்கள் வளைந்து ஓடுவதால் வசதியாகப் படிக்க முடிவது நடுவில் சுமார் 7 சென்டிமீட்டர்தான். பெயரை அதற்குள் முடியுங்கள். கணினித் திரையில் தட்டையாகப் பார்த்துவிட்டு 12 சென்டிமீட்டருக்கு எழுதினால், கடை அலமாரியில் பாதிப் பெயர்தான் தெரியும்.

செங்குத்தாக எழுத ஆசை வரும். ஆங்கில எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதுபோல் தமிழை அடுக்காதீர்கள். கொம்பும் காலும் தனித்தனியே நின்று படிக்கவே வராது. முழுச்சொல்லையும் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், அது கண்ணுக்குப் பழகியது.

அடிப்பக்கம் 3 சென்டிமீட்டர் பட்டையைக் கோட்டிங் இல்லாமல் வெறும் எஃகாக விடச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் ஒரே மாதிரி நாற்பது பாட்டில் இருக்கும் வகுப்பில், தன் பிள்ளையின் பெயரை வெட்ட அம்மாக்களுக்கு ஓர் இடம் வேண்டும். கோட்டிங்மேல் வெட்டினால் உரிந்துவிடும். ரிட்டர்ன் கிஃப்ட்டாக மொத்தமாக வாங்குபவர்களும் மணமக்கள் பெயருக்கு இந்த இடத்தைத்தான் கேட்பார்கள்.

பெட்டியின் அளவு

ஒற்றைப் பாட்டிலுக்கு 350 ஜிஎஸ்எம் டூப்ளெக்ஸ் அட்டை போதும். பள்ளம் விழும் என்ற பயம் இருந்தால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈ-ஃப்ளூட் நெளியட்டைக்குப் போங்கள். அடிப்பக்கம் லாக் பாட்டமாக இருக்கட்டும். சொருகி மூடும் சாதாரண அடிப்பாகம் வைத்த ஒரு பெட்டியைக் கடைக்காரர் தலைப்பில் பிடித்துத் தூக்க, பாட்டில் அடிவழியே நழுவி அவர் காலில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி பாட்டிலைக் கவ்வி நிற்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி வேண்டாம். இது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. கூரியர்காரர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து 'பரிமாண எடை' போடுவார்கள். 7.4 சென்டிமீட்டர் சதுரமும் 26.5 உயரமும் உள்ள பெட்டியில் 24 பாட்டிலை ஆறுக்கு நான்காக அடுக்கினால், வெளிப்பெட்டி ஏறக்குறைய 46 × 31 × 28 வரும். பரிமாண எடை 8 கிலோ. பெட்டியைத் தாராளமாக 9 சென்டிமீட்டர் சதுரமாக வைத்தால் அதே 24 பாட்டிலுக்கு 56 × 38 × 29, பன்னிரண்டு கிலோவுக்குமேல். நாலு கிலோ காற்றுக்கு ஒவ்வொரு முறையும் வாடகை.

அடுக்கி ஒட்டிய வெளிப்பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போட்டுப் பாருங்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, ஆறு பக்கம். பத்து கிலோவுக்கு உட்பட்ட பார்சலுக்குச் சர்வதேசப் போக்குவரத்துச் சோதனை முறையில் உள்ள கணக்கு இது. சாப்பாட்டு மேசை உயரம்தான், வீட்டிலேயே செய்யலாம். மூலையில் இருக்கும் பாட்டிலின் அடி நசுங்கினால், அடியில் ஒரு அட்டைத் தகடு சேருங்கள்.

கீறல் விழாமலிருக்கப் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது வழக்கம். மெல்லிய டிஷ்யூ காகிதம் அதே வேலையைச் செய்யும். கைப்பையாகத் துணிபோலத் தெரியும் நான்-வோவன் பையைத் தேர்ந்துவிடாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஒரு மஞ்சப்பையில் பெயரை அச்சடித்துக் கொடுத்தால், பாட்டிலுக்கு அடுத்தபடி நீண்ட நாள் புழங்குவது அதுதான்.

பெட்டியில் எழுத வேண்டியவை

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும். பலர் தவறுவது மொழியில். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் விதி அது.

மாதத்தையும் விலையையும் பெட்டியோடு சேர்த்து அச்சடிக்காதீர்கள். ஐயாயிரம் பெட்டி அடித்து ஆறு மாதம் விற்பீர்கள். அந்த இடத்தை வெள்ளையாக, வார்னிஷும் லேமினேஷனும் படாமல் விட்டுவிட்டுப் பிறகு முத்திரை குத்துங்கள். வழுவழுப்பான மேற்பரப்பில் முத்திரை மை விரல் பட்டாலே அழியும். விலையை ஏற்றி மேலே ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கூடவே கூடாது.

தரமுத்திரையையும் கேட்டுக்கொள்ளுங்கள். எஃகு, செம்பு, அலுமினியத் தண்ணீர் பாட்டில்களுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17803. சூடு காக்கும் வெற்றிடச் சுவர் வகைக்கு ஐஎஸ் 17526. உரிமம் தயாரிக்கும் ஆலைக்குத்தான் தரப்படும். எனவே வெளியே செய்து வாங்குபவர்கள், ஆர்டர் கொடுக்கும் முன் ஆலையின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, தர நிர்ணய அமைப்பின் செயலியில் சரிபாருங்கள்.

மற்ற வாசகங்களில் சிக்கனம் நல்லது. பிபிஏ சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும் ரசாயனம். எஃகு பாட்டிலில் 'பிபிஏ இல்லை' என்று பெரிதாகப் போடுவது, இட்லியில் எலும்பு இல்லை என்று சொல்வதுபோல. மூடி எதனால் ஆனது, அதற்குள் இருக்கும் வளையம் சிலிக்கோனா என்று சொல்லுங்கள். '304' என்றால் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட எஃகு. 202 வகையை வாங்கிவிட்டு 304 என்று அச்சடிப்பவர்கள் உண்டு. காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, பொதுவாக இரண்டிலும் ஒட்டாது. ஆய்வகச் சான்று வாங்குங்கள். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஒரு இலையை வரைந்துவிட்டால் போதும் என்ற காலமும் போய்விட்டது. 2024இல் வந்த மத்திய வழிகாட்டுதல்கள் அப்படிப்பட்ட பொதுச்சொற்களுக்கு ஆதாரம் கேட்கின்றன. ஒற்றைச் சுவர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் கை சுடும் என்று ஒரு வரி எழுதுங்கள், அது பயன்படும்.

பார்கோடை வெள்ளையில் கறுப்பாக வையுங்கள். ஸ்கேனரின் ஒளி சிவப்பு என்பதால் சிவப்புக் கோடுகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. 100 சதவீத அளவில் அகலம் 37.29 மில்லிமீட்டர், 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது.

அச்சகத்தில்

சிவகாசியிலோ வேறெங்கோ, கோப்பு அனுப்பியதும் வரும் முதல் கேள்வி, "கர்வ் பண்ணிட்டீங்களா?" தமிழ் எழுத்துருவை வரைவடிவமாக மாற்றாமல் அனுப்பினால், அங்குள்ள கணினி 'கொ'வின் கொம்பை ஒரு பக்கமும் காலை இன்னொரு பக்கமும் எறிந்துவிடும். என் பெட்டி ஒன்றில் 'கொள்ளளவு' என்ற சொல் இப்படிச் சிதறி, இரண்டாயிரம் அட்டை வீணானது. ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதல் நிறம் விடுங்கள். மடிப்புக் கோட்டின்மேல் எழுத்து வேண்டாம். வெள்ளை அட்டையில் வெட்டி மடித்த வெற்றுப் பெட்டியை முதலில் வாங்கி, உங்கள் பாட்டிலை உள்ளே போட்டுப் பார்த்த பிறகே அட்டையை வெட்டும் அச்சுக்கு (டை) சம்மதம் சொல்லுங்கள்.

கடைசியாக ப்ரூஃப் வரும். கையெழுத்துப் போடும் முன், தொலைபேசி எண்ணைப் பெட்டியிலிருந்து படித்து உங்கள் கைபேசியில் அழுத்திப் பாருங்கள். உங்கள் மேசையில் மணி அடித்தால் கையெழுத்துப் போடுங்கள்.